45 வயதில் லண்டன் போய் எம்.ஏ: கலை மேலாண்மைப் படிப்புக்கு நான் போட்ட கணக்கும், போடாமல் விட்ட கணக்கும்



2024 செப்டம்பரில் இருந்து ஒரு வருஷம் நம்ம சேனலில் வீடியோ ஏன் இவ்வளவு குறைஞ்சு போச்சுன்னு நிறைய பேர் கேட்டீங்க. "உடம்பு சரியில்லையா மேடம்?" என்றுகூட ஒருத்தர் விசாரிச்சிருந்தார். உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. லண்டனில் படிச்சிட்டு இருந்தேன். கலை மேலாண்மையில் எம்.ஏ. சேரும்போது என் வயசு 45. பொண்ணு பிளஸ் ஒன்.

திரும்பி வந்ததும் போட்ட வீடியோவில் மொத்தச் செலவை மட்டும் சொன்னேன். "இது நல்ல முதலீடா?", "நானும் 40 வயசுக்கு மேல படிக்கப் போகலாமா?" என்ற கேள்விகள்தான் அதுக்குக் கீழே அதிகம் வந்தது. வீடியோவில் சொல்ல முடியாத அளவுக்கு நம்பர்கள் இருக்கு. அதனால இங்கே எழுதறேன். ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

முதல்ல, இது என்ன படிப்பு?

"நீ பரதநாட்டியம் கத்துக்கப் போறியா?" என்று என் சித்தி கேட்டாங்க. இல்லை. ஒரு சபா, ஒரு நாடகக் குழு, ஒரு மியூசியம், ஒரு இசைவிழா இதையெல்லாம் யாரோ நடத்தணும் இல்லையா? பணம் எங்கிருந்து வரும், டிக்கெட் என்ன விலை வைக்கணும், கலைஞரோட ஒப்பந்தம் எப்படிப் போடணும், அரசு நிதிக்கு எப்படி விண்ணப்பிக்கணும், காப்புரிமை யாருக்கு, வராத மக்களை எப்படி வரவைக்கிறது. இதுதான் பாடம். மேடையில் ஏறுகிறவர்களுக்கான படிப்பு இல்லை. மேடைக்குப் பின்னால் பில் கட்டுகிறவர்களுக்கானது.

எனக்கு அந்தப் பக்கம்தான் பழக்கம். 20 வருஷம் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். சாயங்காலம் எங்க ஏரியா சின்ன சபாவுக்குச் சம்பளம் இல்லாத பொருளாளர். வருஷா வருஷம் டிசம்பர் சீசன் முடிஞ்சதும் பற்றாக்குறையை யார் கையில் இருந்து வாங்குறதுன்னு ஒரு மீட்டிங் நடக்கும். அந்த மீட்டிங்கில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த ஆசைதான் இது.

இங்கிலாந்தில் முழுநேர எம்.ஏ பெரும்பாலும் ஒரே வருஷம். 180 கிரெடிட். அதில் 60 கடைசி ஆய்வுக் கட்டுரைக்கு. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம் என்பது கணக்கு, ஆக 1,800 மணி நேர உழைப்பு. 20 வருஷமா பாலன்ஸ் ஷீட் மட்டுமே எழுதின கைக்கு 3,000 வார்த்தைக் கட்டுரை எழுதுறது எவ்வளவு கஷ்டம்னு முதல் மாசத்திலேயே தெரிஞ்சுது. முதல் கட்டுரைக்கு 58 மார்க். வீட்டுக்கு போன் பண்ணி அழுதேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அங்கே 50 எடுத்தால் பாஸ், 60க்கு மேல மெரிட், 70 தொட்டாலே டிஸ்டிங்ஷன். நம்ம ஊர் 98 மார்க் கணக்கை விமானத்திலேயே விட்டுட்டுப் போகணும்.

சரி, செலவுக்கு வருவோம்

நான் கிளம்பும்போது ஒரு பவுண்ட் சுமார் 110 ரூபாய். எல்லாத்தையும் அந்த ரேட்டிலேயே சொல்றேன். (படிப்பு முடியும்போது 118 பக்கம் போயிருந்தது. கடைசி மாசங்களில் வீட்டில் இருந்து பணம் அனுப்பும்போது இது வலிச்சுது.)

கட்டணம் 22,000 பவுண்ட். கல்லூரி 2,000 சலுகை கொடுத்தாங்க. மீதி 20,000, அதாவது 22 லட்சம் ரூபாய். விசா கட்டணம் அப்போ 490 பவுண்ட். அதோட அங்கே அரசு மருத்துவ வசதிக்காக முன்கூட்டியே கட்டுற தொகை, மாணவர்களுக்கு வருஷத்துக்கு 776. என் விசா ஒரு வருஷத்தைத் தாண்டினதால் ஒன்றரை வருஷக் கணக்கு, 1,164. இரண்டும் சேர்த்து 1.82 லட்சம்.

தங்கினது ஈஸ்ட் ஹாம். தமிழ்க் கடைகள் நிறைய, தோசை மாவு கிடைக்கும். ஒரு வீட்டில் ஒரே ஒரு ரூம், கரண்ட் எல்லாம் சேர்த்து மாசம் 650. சாப்பாடு, பஸ், போன் 380. 12 மாசத்துக்கு 13.6 லட்சம். இதில் ஒரு டிப்ஸ்: லண்டன் பஸ்ஸில் ஒரு தடவை கட்டணம் (நான் இருந்தப்போ 1.75 பவுண்ட்) கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேணும்னாலும் மாறலாம். ரயிலைவிட நேரம் ஆகும், ஆனா உட்கார்ந்து படிக்கலாம். என் பாதிப் பாடம் பஸ் மாடியில் படிச்சதுதான்.

டிக்கெட், ஸ்வெட்டர், ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை என்று இன்னொரு 1.2 லட்சம். ஆக மொத்தம் சுமார் 38.6 லட்சம். இதில் 18 லட்சம் கல்விக் கடன், மீதி சொந்தக் காசு.

சொந்தக் காசு என்றதும் ஒண்ணு சொல்லணும். மியூச்சுவல் ஃபண்டில் 13 லட்சம் இருந்துச்சு, விசாவுக்கு அதையே காட்டலாம்னு நினைச்சேன். முடியாது. ஷேர், பாண்ட் மாதிரி முதலீடுகளை அவங்க ஏத்துக்கறது இல்லை. லண்டனில் படிக்கணும்னா அப்போ மாசம் 1,334 பவுண்ட் வீதம் 9 மாசத்துக்கான செலவுப் பணம், கட்டாத கட்டணத்தோட சேர்த்து, ரொக்கமாகவோ கடன் ஒப்புதலாகவோ இருக்கணும். ரொக்கம்னா 28 நாள் தொடர்ந்து கணக்கில் அசையாமல் இருக்கணும். அதனால ஜூலை கடைசியில் ஃபண்டை விற்றேன். ஜூலை 23 பட்ஜெட்டில்தான் நீண்டகால மூலதன ஆதாய வரி 10 சதவீதத்தில் இருந்து 12.5 ஆச்சு. ஒரு வாரம் முன்னாடி விற்றிருந்தால் கொஞ்சம் மிச்சம். இந்தத் தொகையெல்லாம் அடிக்கடி மாறும், நீங்க போகும்போது அன்றைய விதியைப் பாருங்க.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு பேங்க் பிடிக்கும் டிசிஎஸ்ஸும் இருக்கு. இப்போ, 2025 ஏப்ரலில் இருந்து, சொந்தப் பணம் என்றால் வருஷத்துக்கு 10 லட்சம் வரை கிடையாது, பேங்க் கல்விக் கடனில் இருந்து அனுப்பினால் சுத்தமாகவே கிடையாது. நான் போனப்போ லிமிட் 7 லட்சம்தான். அது ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும் பணம், செலவு இல்லை. ஆனா பிடிக்கிற அன்னைக்கு கையில் இருக்கணுமே!

இதோட கணக்கு முடிஞ்சுதா? இல்லை. எல்லாரும் மறக்கிற வரி இதுதான்: வராத சம்பளம். எனக்குக் கையில் 85,000 வந்துட்டு இருந்துச்சு. 13 மாசத்துக்கு 11.05 லட்சம். கம்பெனி போட்டுட்டு இருந்த பிஎஃப் பங்கு ஒரு 70,000. திரும்பி வந்து வேலை கிடைக்க 4 மாசம், அது 3.4 லட்சம். இதுவே 15.15 லட்சம். 20 வயசுப் பையன் படிக்கப் போனால் இந்த வரி கிட்டத்தட்ட பூஜ்யம். 45 வயசில் இதுதான் இரண்டாவது பெரிய செலவு.

வரவுப் பக்கம் ஒண்ணு உண்டு. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நான் ஒரு தியேட்டரில் சராசரியாக 12 மணி நேரம் பார்த்தேன். டிக்கெட் பார்க்கிறது, சீட் காட்டுறது, இடைவேளையில் கழுத்தில் தட்டு மாட்டிக்கிட்டு ஐஸ்கிரீம் விக்கிறது. குறைந்தபட்சக் கூலி அப்போ மணிக்கு 11.44 பவுண்ட், 2025 ஏப்ரலில் 12.21 ஆச்சு. வருஷ முடிவில் 5,600 பவுண்ட், சுமார் 6.2 லட்சம். அதையும் கழிச்சால், உண்மையான செலவு 47.6 லட்சம். கடன் வட்டி தனி.

ஐஸ்கிரீம் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் "துணை வருமானம்" என்று ஒரு வாரம் பாடமே எடுத்தாங்க. டிக்கெட்டில் வராத பணத்தை பாரும் ஐஸ்கிரீமும் ஈடு கட்டும் என்பதுதான் விஷயம். நான் கையைத் தூக்கி, எங்க ஊர் டிசம்பர் சீசனில் கச்சேரிக்கு வராதவங்ககூட கேன்டீனுக்கு வருவாங்கன்னு சொன்னேன். வகுப்பே சிரிச்சுது. ஆசிரியர் சிரிக்கலை, குறிச்சுக்கிட்டாங்க. "அந்த கேன்டீன் வருமானத்தில் சபாவுக்கு எவ்வளவு பங்கு?" என்று கேட்டாங்க. பொருளாளரா இருந்த எனக்கே பதில் தெரியலை. எங்க சபாவில் ஒரு தொகை பேசி கான்ட்ராக்ட் விட்டிருந்தோம், அவ்வளவுதான்.

"ஹவுஸ் எத்தனை சதவீதம் நிறையும்?"

அங்கே நான் கத்துக்கிட்டதில் உங்களுக்கு நேரடியா உதவுறது இதுதான். கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

இரண்டாவது மாசம் ஒரு நாடகத்துக்கு பட்ஜெட் போடச் சொன்னாங்க. 20 வருஷ அக்கவுண்ட்ஸ் ஆச்சே, ரொம்ப நம்பிக்கையா போட்டேன். அத்தனை இருக்கையும் நிறையும் என்று வரவு எழுதினேன். ஆசிரியர் அந்த வரியை மட்டும் வட்டம் போட்டு, "60க்குப் போட்டுப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தாங்க. எத்தனை சதவீதம் அரங்கு நிறைஞ்சால் கையைக் கடிக்காது என்பதுதான் அந்தத் தொழிலில் முதல் கேள்வி.

நம்ம ஊர் உதாரணமா ஒண்ணு எடுத்துக்குவோம். 200 இருக்கை ஹால். கலைஞர்களுக்கு 25,000. ஹால் வாடகை 12,000. மைக், லைட் 8,000. நோட்டீஸ், விளம்பரம் 5,000. இதர செலவு 2,000. மொத்தம் 52,000. டிக்கெட் 300 ரூபாய் வைத்தால் 174 பேர் வரணும். அதாவது 87 சதவீதம். வார நாளில் 87 சதவீதம் நிறைஞ்ச சின்ன சபா எதையாவது பார்த்திருக்கீங்களா? 60 சதவீதம் நிறைஞ்சால் 120 பேர், 36,000 ரூபாய். 16,000 துண்டு விழுது.

டிக்கெட்டை 500 ஆக்கினால் 104 பேர் போதும். (500 வரை இசை, நடன, நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் அதுக்கு மேல போகவும் யோசிப்பாங்க.) ஆனா 500க்கு அந்த 104 பேர் வருவாங்களா? அதனாலதான் அந்த 16,000 எங்கிருந்து வரும் என்பதை கச்சேரிக்கு முன்னாடியே எழுதி வைக்கணும். ஸ்பான்சரா, நன்கொடையா, சபாவோட சேமிப்பா? எங்க சபா இத்தனை வருஷமும் கச்சேரி முடிஞ்ச பிறகு அதைத் தேடிட்டு இருந்துச்சு.

இப்போ என் படிப்புக் கணக்குக்கு வாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி நான் போட்ட ஷீட் என்ன சொல்லுச்சு தெரியுமா? திரும்பி வந்து ஒரே மாசத்தில் வேலை, சம்பளம் 1.2 லட்சம். பழைய சம்பளத்தைவிட 35,000 அதிகம். 47 வயசில் இருந்து 60 வரை 156 மாசம், 54.6 லட்சம் கூடுதல் வருமானம். செலவு 50 லட்சம் என்று எழுதியிருந்தேன். ஆக லாபம்! கடன் வட்டியை அதில் சேர்க்கவே இல்லை. 13 வருஷம் கழிச்சு வரும் பணத்தை இன்றைய பணத்தோட அப்படியே கூட்டியிருந்தேன். நம்ம சேனலில் இந்தத் தப்பைப் பண்ணாதீங்கன்னு நானே மூணு வீடியோ போட்டிருக்கேன்.

அது முழு ஹவுஸ் கணக்கு. "ஹவுஸ் 60" கணக்கை 2025 பிப்ரவரியில், அந்த பஸ் மாடியில் உட்கார்ந்து போன்லதான் போட்டேன். வேலை கிடைக்க 6 மாசம், சம்பளம் 60,000. அப்படின்னா 156 மாசமும் பழைய சம்பளத்தைவிட 25,000 குறைவு. 39 லட்சம் இழப்பு, மேலே கடன். போனை பையில் வெச்சுட்டு ரெண்டு ஸ்டாப் தாண்டி இறங்கினேன்.

சம்பளம் ஏறும்போது நாற்காலி ஏன் வலிக்குது?

ஒரு பொருளாதாரப் பாடத்தையும் சொல்லிடறேன், இது பிள்ளைகளின் காலேஜுக்குச் சேமிக்கிற எல்லாருக்கும் வேணும். 1966ல் பாமோல், போவன் என்ற ரெண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினாங்க. அவங்க சொன்னது ரொம்ப எளிமை. 200 வருஷம் முன்னாடி நாலு பேர் சேர்ந்து 30 நிமிஷம் வாசிச்ச இசையை இன்னைக்கும் வாசிக்க நாலு பேர், 30 நிமிஷம்தான் ஆகும். மூணு பேரை வெச்சு 20 நிமிஷத்தில் முடிக்க முடியாது. ஆனா ஃபேக்டரியில் அதே ஆள் இன்னைக்குப் பல மடங்கு பொருள் செய்யறார், அதுக்கேத்த சம்பளமும் வாங்கறார். வாசிக்கிறவருக்கும் அந்தச் சம்பளத்துக்கு ஈடாக் கொடுக்கணும், இல்லைன்னா அவர் வேற வேலைக்குப் போயிடுவார். அதனால கச்சேரிச் செலவு மத்த விலைவாசியைவிட வேகமா ஏறிட்டே இருக்கும்.

இதே தர்க்கம் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் பொருந்தும். ஒரு வாத்தியார் 40 பேருக்கு எடுக்கிற பாடத்தை 400 பேருக்கு அதே தரத்தில் எடுக்க முடியாது. அப்படின்னா காலேஜ் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரி பில்லுக்கும் பொதுவான பணவீக்கத்தை, அந்த 5, 6 சதவீதத்தைப் போட்டுக் கணக்கு பார்த்தால் தப்பாத்தான் வரும். என் பொண்ணோட காலேஜ் கணக்கில் 6 போட்டிருந்தேன். அன்னைக்கு ராத்திரியே 10 ஆக்கினேன். இலக்குத் தொகை எகிறிடுச்சு.

வேடிக்கை என்னன்னா, இங்கிலாந்தில் கலைக்கு அரசுப் பணம் கொடுக்கிற ஆர்ட்ஸ் கவுன்சிலை உருவாக்கினதில் முக்கியமானவர் ஜான் மேனார்ட் கெயின்ஸ். நம்ம பங்குச் சந்தை வீடியோக்களில் வர்ற அதே கெயின்ஸ்தான்! அவர் மனைவி லிடியா லொபொகோவா பாலே கலைஞர். 1936ல் கேம்பிரிட்ஜில் சொந்தப் பணம் போட்டு ஒரு தியேட்டரே கட்டினார். பணத்தை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்தான் சில விஷயங்களுக்கு லாபக் கணக்கு பார்க்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கார்.

அம்மாவோட ஆபரேஷன்

இதை எழுதவா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதறேன், ஏன்னா தப்பு என்னோடது.

எங்க அம்மாவுக்கு 71 வயசு, சுகர். என் ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸில் அம்மாவைச் சேர்த்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஆபீஸ் பாலிசியில் மாமியாரைச் சேர்க்க வழி இல்லை. நான் ராஜினாமா பண்ணின அன்னைக்கே அம்மாவோட கவரும் முடிஞ்சுது. குரூப் பாலிசியில் இருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம், அதுவரை கழிஞ்ச காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். புதுசா எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாசம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஃபார்மும் டவுன்லோடு பண்ணி வெச்சிருந்தேன். விசா வேலையில் கடைசித் தேதி ஓடிப் போச்சு. "போய் இறங்கினதும் பார்த்துக்கலாம்" என்று விட்டேன்.

2025 ஜனவரியில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. ஆபரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து 3.6 லட்சம். எமர்ஜென்சி ஃபண்டில் இருந்தது 4 லட்சம். அது போச்சு. கடன் வட்டி மாசம் 15,750 ரூபாயைப் படிக்கும்போதே கட்டிட்டு வந்தோம், வீட்டுச் செலவு முழுக்க அவர் ஒருத்தர் சம்பளத்தில். பிப்ரவரியில் எனக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் ஒண்ணரை லட்சம் குறைஞ்சுது.

பொண்ணோட காலேஜ் கணக்கில் 11 லட்சம் இருந்துச்சு. வீட்டுக்காரர் போனில், "தற்காலிகமா அதில இருந்து எடுத்துக்கலாமே, ஆறு மாசத்தில் வெச்சுடலாம்" என்றார். அவர் தப்பா ஒண்ணும் சொல்லலை. நானும் சரின்னு சொல்லப் போனேன்.

அந்த வாரம்தான் வகுப்பில் கட்டுப்படுத்தப்பட்ட நிதி நடத்தினாங்க. ஒருத்தர் குழந்தைகளுக்கான நாடகப் பயிற்சிக்குன்னு ஒரு தியேட்டருக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பணத்தில் கூரை ஒழுகலைச் சரி பண்ண முடியாது. பேங்கில் பணம் கிடக்கும், ஆனா அது உங்க பணம் இல்லை. மாத்திச் செலவு பண்ணினால் அங்கே அறக்கட்டளைச் சட்டப்படி நம்பிக்கை மோசடி மாதிரி. பேலன்ஸைப் பார்த்து "நிறைய இருக்கே" என்று நினைச்சு, கட்டுப்படுத்தப்பட்ட பணத்தைத் தொட்டுத் தொட்டு மூடின அமைப்புகள் பற்றி ஆசிரியர் சொன்னாங்க.

"என்னங்க, அதை மட்டும் தொட வேண்டாம்" என்றேன். என் வளையல்கள் மேல நகைக் கடன் ஒண்ணரை லட்சம் வாங்கினார். நான் தியேட்டரில் ஷிஃப்டை 12ல் இருந்து 18 மணி நேரம் ஆக்கிக்கிட்டேன். அந்த செமஸ்டரில் ஒரு பேப்பருக்கு 54 மார்க் வந்தது இதனாலதான். பொண்ணு ஒரு நாள் வீடியோ காலில் தானாவே கேட்டா, "அம்மா, என் காலேஜ் பணம் இருக்கில்ல?" நான் யோசிக்காமல் "இருக்குடி" என்று சொல்ல முடிஞ்சுது.

அம்மாவைப் பார்க்க நான் வரலை. டிக்கெட் விலை 80,000க்கு மேல காட்டுச்சு. சித்திதான் ஒரு மாசம் கூட இருந்து பார்த்துக்கிட்டாங்க. அம்மா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டலை. இப்போ வாக்கர் வெச்சு நடக்கறாங்க.

"57 வயசுல படிக்கிறாங்களே!"

என் வகுப்பில் 57 வயசு அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, ரிட்டயர்ட் டீச்சர், இங்கிலாந்துக்காரங்க. அவங்களைப் பற்றி ஒரு வீடியோவில் சொன்னதும், "பாருங்க, வயசு ஒரு தடையே இல்லை" என்று நிறைய பேர் எழுதினீங்க. நண்பர்களே, அவங்க கணக்கு வேற. இங்கிலாந்தில் தகுதியுள்ள உள்ளூர் மாணவருக்கு முதுகலைக்கு அரசுக் கடன் உண்டு. 2024-25 கல்வியாண்டில் சேர்ந்தவங்களுக்கு அது அதிகபட்சம் 12,471 பவுண்டா இருந்துச்சு. 60 வயசுக்குள் சேர்ந்தால் போதும், குடும்ப வருமானம் பார்க்க மாட்டாங்க. வருஷ வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டின தொகையில் 6 சதவீதம் மட்டும் கட்டணும். 30 வருஷத்தில் மிச்சம் இருந்தால் தள்ளுபடி. வெளிநாட்டு மாணவரைவிடக் கட்டணமும் ரொம்பக் குறைவு. அவங்க ஹவுஸ் 20 சதவீதம் நிறைஞ்சால்கூட வீடு போகாது. என் கடனுக்கு எங்க ஃபிளாட் பத்திரம் பேங்கில் இருக்கு.

இப்போ நிலைமை என்ன?

படிப்பை முடிச்சேன், மெரிட். பட்டம் வாங்கினவங்க ரெண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கலாம்னு விதி இருந்துச்சு. 2024 ஜனவரியில் இருந்து எங்களை மாதிரி வகுப்புப் படிப்பு மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது. பொண்ணு பிளஸ் டூ. அக்டோபரில் கிளம்பி வந்துட்டேன்.

4 மாசம் தேடினேன். கார்ப்பரேட் சிஎஸ்ஆர் பக்கம் பெரிய சம்பளம் இருக்கும்னு நினைச்சிருந்தேன். கலை, பாரம்பரியம் எல்லாம் கம்பெனிச் சட்டத்தின் சிஎஸ்ஆர் பட்டியலில் உண்டு, லாபத்தில் 2 சதவீதம் செலவு பண்ணணும். ஆனா நான் போன இன்டர்வியூக்களில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரித் திட்டங்களைப் பற்றித்தான் கேட்டாங்க. கடைசியில் ஒரு கலை அறக்கட்டளையில் நிர்வாக வேலை. சம்பளம் 60,000. ஹவுஸ் 60 ஷீட்டில் எழுதினது அப்படியே.

கடன் 18 லட்சம், 10.5 சதவீதம், 10 வருஷம். இஎம்ஐ 24,288. சம்பளத்தில் 40 சதவீதம். என் 57 வயசில் முடியும். "80இ பிரிவில் வட்டிக்கு வரிச்சலுகை உண்டே" என்று கேட்பீங்க. உண்டு, 8 வருஷத்துக்கு, ஆனா பழைய வரி முறையில் மட்டும். என் வருஷச் சம்பளம் 7.2 லட்சம், புது முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. ஆக அந்தச் சலுகையால் எனக்கு ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. லோன் விற்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

அப்போ இது நல்ல முதலீடா? இல்லை. முதலீடே இல்லை. இது செலவு. ரொம்பப் பெரிய செலவு. சிலர் 45 லட்சத்துக்கு கார் வாங்கறாங்க, அந்த வகை. ஹவுஸ் 60 கணக்கை முன்னாடியே போட்டிருந்தால் போயிருக்க மாட்டியான்னு வீட்டுக்காரர் கேட்டார். போயிருப்பேன். ஆனா பொண்ணு காலேஜ் சேர்ந்த பிறகு போயிருப்பேன். 18 லட்சம் கடனோட போயிருக்க மாட்டேன். அம்மாவோட ஃபார்மை அனுப்பிட்டுத்தான் போயிருப்பேன்.

எங்க சபாவுக்கு இப்பவும் சம்பளம் இல்லாத பொருளாளர்தான். இந்த வருஷம் நிதிக்கு ரெண்டு தனி பேங்க் கணக்கு தொடங்கினோம், ஒண்ணு இளம் கலைஞர்களுக்குன்னு கொடுத்த நன்கொடைக்கு மட்டும். கேன்டீன் கான்ட்ராக்டில் ஒரு சதவீதப் பங்கு கேட்டிருக்கோம். பேச்சு நடக்குது, மாஸ்டர் கொஞ்சம் கோபமா இருக்கார்.

என் எக்செல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழே கொடுத்திருக்கேன். மூணு பக்கம் இருக்கும்: ஹவுஸ் 100, ஹவுஸ் 60, ஹவுஸ் 30. கடைசிப் பக்கத்தில் இருந்து ஆரம்பிங்க. வீட்டில் உள்ளவங்களையும் பக்கத்தில் உட்கார வெச்சுக்கோங்க, இன்ஷூரன்ஸ் வரியை அவங்களை நிரப்பச் சொல்லுங்க.